பின்னணியில் இருந்தவள்

அமலோற்பவம் என்ற பெண்ணின் இடது மார்பில் பால்சுரப்பி ஒருத்தி குடியிருந்தாள். பதின்மூன்று வயதில் வேலைக்குச் சேர்ந்தவள். மாதம் ஒருமுறை சினைப்பையிடமிருந்து தாக்கல் வரும்: பிள்ளை வரலாம், தயாராக இரு. உடனே ரத்தத்தை வரவழைத்து, எல்லா அறைகளிலும் விளக்கேற்றி வைத்து, வலியோடு காத்திருப்பாள். யாரும் வர மாட்டார்கள். அணைத்துவிட்டுப் படுப்பாள். அடுத்த மாதம் மறுபடி. முப்பத்தொன்பது வருடத்தில் பிள்ளை வந்தது இரண்டே முறை.

ஒன்றரை வருடமாகத் தாக்கல் இல்லை. முதலில் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை; பழக்கத்தில் எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

பக்கத்து வீட்டில் கொழுப்பு இருந்தாள். "மதினி, இந்த ரூம் சும்மாதான கெடக்கு? நான் சாமானப் போட்டுக்கிடட்டுமா?"

"போட்டுக்கோ."

இப்படியே நான்கு அறைகள் போயின. சுரப்பி ஏன் என்று கேட்கவில்லை. கேட்பதற்கும் எழுந்து உட்கார வேண்டும்.

கொல்லைப் பக்கத்து மூலையில் முடிச்சு என்று ஒருவன் வந்து தங்கியிருந்தான். எப்போது வந்தான் என்று யாருக்கும் தெரியாது. யாரோடும் பேசாதவன்.

அமலோற்பவத்தின் அக்கா மார்புப் புற்றில் இறந்தவள். அதனால் அமலோற்பவம் இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருமுறை ஸ்கேன் எடுத்தாள். இன்று மறுபடி வந்து எந்திரத்துக்குள் குப்புறப் படுத்திருந்தாள். எந்திரம் தடதடவென்று சத்தம் போட்டது. இனி கை நரம்பு வழியாகச் சாயமருந்து வருவான். அவன் வழக்கம் எல்லாருக்கும் தெரியும். வீடு வீடாகப் போவான். ரத்தம் அதிகம் ஓடுகிற வீட்டில் தங்குவான். அவன் தங்கிய இடமெல்லாம் படத்தில் வெள்ளையாக விழும்.

அன்றைக்குத்தான் முடிச்சு முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"அக்கா, ஆள் வரப்போறான். இப்படியா இருட்டுல கெடப்பீங்க? போன தடவ என்னமா ஜொலிச்சீங்க!"

"இப்ப யாருக்காக?"

"யாருக்காகவும் வேண்டாம். ஒரு கௌரவம்தான். செத்துப்போயிட்டீங்கன்னு நெனச்சுருவான்."

அது தைத்தது. அவளிடம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. கூப்பிட்டால் ரத்தம் வரும். ஒரே ஒரு முறை ஏற்றலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"படுங்க மதினி, ஒங்களுக்கு எதுக்கு இது?" என்றாள் கொழுப்பு.

"நீங்க சும்மா இருங்க," என்று முடிச்சு சீறினான். "அக்கா, சீக்கிரம். எல்லா ரூம்லயும் ஏத்துங்க. இந்த மூலைய மட்டும் விட்றாதீங்க."

சுரப்பி நின்றாள். மூலையைப் பார்த்தாள். அவன் வீட்டுக்குப் புதிதாக ரத்தக்குழாய்கள் போயிருந்தன. ஒன்றல்ல, ஐந்தாறு, கோணல்மாணலாக.

"ஒத்த ஆளுக்கு எதுக்குடா இத்தன குழாய்?"

"அது... தாகம்க்கா."

"பிள்ள வரப்போகுதோ உனக்கு?"

கொழுப்பு சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

சுரப்பிக்கு அமலோற்பவத்தின் கை ஞாபகம் வந்தது. அக்காவைப் புதைத்துவிட்டு வந்ததிலிருந்து தினமும் குளிக்கும்போது மார்பை அழுத்தி அழுத்தித் தேடுகிற கை. அந்தக் கை எதைத் தேடியது என்பது இப்போது விளங்கியது. அது போன தடவை தன் வெளிச்சத்துக்குள்தான் ஒளிந்திருந்தது என்பதும்.

"முடியலப்பா," என்றாள். "நான் ஏத்தல."

"அக்கா! ஒரே ஒரு தடவ!"

அவள் படுத்துக்கொண்டாள்.

சாயமருந்து வந்தான். அவள் வாசலில் எட்டிப் பார்த்தான். அதிகம் ஒன்றும் இல்லை என்று நகர்ந்தான். கொழுப்பு வீட்டிலும் நிற்கவில்லை. மூலைக்குப் போனான். ஐந்தாறு குழாய்களும் அவனை ஒரே இழுப்பில் உள்ளே இழுத்தன.

மறுநாள் டாக்டர் நூர்ஜஹான் இரண்டு படங்களையும் திரையில் அருகருகே வைத்துக் காட்டினார்.

"இது ரெண்டு வருஷத்துக்கு முந்தி எடுத்தது. மாதவிலக்குத் தேதிய கேட்டு, வெள்ளை கம்மியா விழுற பத்தாம் நாளா பாத்துத்தான் வரச் சொன்னோம். அப்பவும் பாருங்க, ஒரே வெள்ளை. இதுக்குள்ள எதன்னு தேடுறது? ஒருவேள இது அப்பவே இருந்திருக்கும்."

"எதும்மா?"

"இந்தப் பொட்டு. ஆறு மில்லிமீட்டர். ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துப் பாத்துருவோம். கெட்டதா இருந்தாலும் சின்னதுலயே பிடிச்சிட்டோம்."

"எங்க அக்காவுக்கு எலுமிச்சங்கா அளவு இருந்துச்சு டாக்டர்." அமலோற்பவம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "இந்தத் தடவ மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"மாதவிலக்கு நின்னுபோச்சுல்ல, சுரப்பியெல்லாம் அடங்கிருச்சு. பாருங்க, பின்னாடி ஒண்ணுமே இல்ல. அதான் இது தனியா தெரியுது. நல்லதாப் போச்சு."

படுத்தபடியே சுரப்பி அதைக் கேட்டாள். முப்பத்தொன்பது வருடத்தில் அவளைப் பற்றி யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.