ராஜாவின் பட்டுச் சால்வையை முகர்ந்த பூனை

கலங்கரை விளக்கத்தில் விறகெரித்துக் கப்பல்களைக் கூப்பிட்ட அந்தக் காலத்திலே, வெள்ளலைப்பட்டினத்தைச் செங்கோடவர்மன் என்ற ராஜா ஆண்டு வந்தார். அது மாநகரமும் இல்லை, சிற்றூரும் இல்லை. உள்நாட்டிலிருந்து வந்த நெசவாளர்களுக்கு ஒரு தெரு, கடல் கடந்து வந்த குதிரை வணிகர்களுக்கு ஒரு தெரு. உப்பளத்தாரும் கயிறு திரிப்பவர்களும் கப்பல் தச்சர்களும் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். காற்று திரும்பிக் கப்பல்கள் வந்தால் ஊர் இரண்டு மடங்காகப் பெருகும். அவை போய்விட்டால் பெண்களும் கிழவர்களும்தான் மிஞ்சுவார்கள். எந்தக் காற்றிலும் மாறாதது, கரை நெடுகக் காயும் கருவாட்டின் வாசனை ஒன்றுதான்.

அந்த வாசனைக்கு எல்லாரையும்விட அதிகமாக முகம் சுளித்தவர் ராஜாவின் ஆலோசகர் மங்களராயர். சந்தனம் பூசாமல் வாசல் தாண்டமாட்டார். அவர் கருவாட்டுக் களத்தில் பிறந்தவர் என்பது சபையில் ஒருவருக்கும் தெரியாது. அவருடைய தாய் சீனியம்மை இன்னும் அங்கேதான் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளிதோறும் விடியுமுன் அவர் வீட்டுக் கொல்லை வாசலுக்கு வந்து, வாழைச்சருகில் கட்டிய நெத்திலிக் கருவாட்டைக் கொடுத்துவிட்டுப் போவாள். "உனக்குப் பிடிக்குமேன்னுதான்" என்பாள். அவர் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துவார். அவருக்குப் பிடிக்கவும் செய்யும். ஆனால் யாராவது பார்த்திருப்பார்களோ என்று அன்று முழுவதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஒரு நாள் அயல்நாட்டுத் தூதன் ஒருவன் சபையில் மூக்கைப் பொத்திக்கொண்டான். ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மங்களராயர் உடனே எழுந்தார்.

"கருவாட்டுக்காரர்கள் இந்த நகரத்து மக்களே இல்லை, மகாராஜா. கரையில் வந்து ஒதுங்கியவர்கள். ஆற்று முகத்துவாரத்துக்கு அக்கரையில் குடியேற்றிவிட்டால் நகரம் மணக்கும்."

அக்கரையிலிருந்து தாயால் நடந்து வர முடியாது என்று நினைத்தார். நினைத்ததும் நிம்மதி வந்தது. அந்த நிம்மதி அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"அப்படியே செய்யுங்கள்" என்றார் ராஜா.

அமைச்சர் தீர்த்தகிரி மெல்ல இருமினார். மங்களராயருக்கு அந்த இருமலைக் கேட்டாலே ஆகாது. "செய்துவிடலாம் மகாராஜா. ஆனால் நகரத்தார் யார், கருவாட்டுக்காரர் யார் என்று எப்படிப் பிரிப்பது?"

"இதுகூடவா தெரியாது? வாசனையை வைத்துத்தான்" என்றார் மங்களராயர்.

"நம் மூக்கு வேண்டியவர் வேண்டாதவர் பார்க்கும். பாரபட்சம் இல்லாத மூக்கு துறைமுகக் கிடங்குப் பூனை ஒன்றுக்கு இருக்கிறது. வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன். அந்தப் பூனை யாரை நாடிப் போகிறதோ, அவர் அக்கரைக்குப் போகட்டும். களத்துப் பெரியவர்களையும் கூப்பிடுவோம்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்துச் சம்மதித்தார்.

வெள்ளிக்கிழமை விடியுமுன் சீனியம்மை வழக்கம்போல வந்தாள். "எங்களை அரண்மனைக்கு வரச் சொல்லியிருக்காங்களே, எதுக்குய்யா?"

"எனக்குத் தெரியாது" என்றார் மங்களராயர்.

வேலைக்காரன் வரும் சத்தம் கேட்டது. பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டார். அதை எடுத்து வைப்பதற்குள் அரண்மனைப் பல்லக்கு வாசலில் வந்து நின்றுவிட்டது.

சபையில் களத்துப் பெரியவர்கள் ஒதுங்கி நின்றார்கள். ராஜாவைப் பார்க்கப் போகிறோமே என்று அரப்புத் தேய்த்துக் குளித்து, வெளுத்த துணி உடுத்தி வந்திருந்தார்கள். "உங்களை அக்கரைக்கு அனுப்பலாம் என்பது மங்களராயர் யோசனை" என்று ராஜா அறிவித்தார். சீனியம்மை தலைநிமிர்ந்து ஒரு முறை மகனைப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

பூனைக் கூடையைத் திறந்தார்கள். பூனை களத்துக்காரர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சபையில் இருந்த குதிரை வணிகர் ஒருவரின் அங்கியை முகர்ந்தது. அங்கிருந்து சிம்மாசனத்தில் தாவி, ராஜாவின் பட்டுச் சால்வையில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு குரல் கொடுத்தது.

"என்ன அமைச்சரே இது?"

"கருவாடு ஏற்றிப்போன கப்பல்தான் திரும்பும்போது பட்டும் குதிரையும் ஏற்றி வருகிறது மகாராஜா. நாம் எவ்வளவு அகில் புகை காட்டினாலும் பூனைக்குத் தெரிந்துவிடுகிறது."

"அப்படியானால் நானும் போக வேண்டுமோ?"

"அக்கரையில் அரண்மனை கட்ட நல்ல மேடு ஒன்று இருக்கிறது. காற்றும் நன்றாக வரும்."

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தார். அதற்குள் பூனை கீழே குதித்து ஓடி, மங்களராயரின் இடுப்பில் நகம் பதித்துத் தொங்கியது. வாழைச்சருகு பிரிந்து நான்கு நெத்திலிகள் தரையில் சிதறின.

"மங்களராயரே, இது எங்கிருந்து வந்தது?"

சபையின் ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "என் பொட்டலம் அது, மகாராஜா. வாசல்ல நெரிசல்ல தவறிப்போச்சு. ஐயா எடுத்து வச்சிருப்பாரு. பெரிய மனசு."

"இவரை உனக்குத் தெரியுமா?"

"எங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள் சீனியம்மை.

தீர்த்தகிரி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். மங்களராயருக்கு உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு நேரம் இருந்தது. "ஆம் மகாராஜா, எடுத்து வைத்தேன்" என்றார்.

"திருப்பிக் கொடும்."

சிதறியதைப் பொறுக்கிக் கொடுத்தார். அவள் குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "கும்பிடுறேன் ஐயா" என்றாள்.

ராஜா தம் சால்வையை எடுத்துத் தீர்த்தகிரிக்குப் போர்த்தினார். "யாரும் எங்கும் போக வேண்டாம். அவர்களை விரட்டச் சொன்ன வாயாலேயே இதை அறிவிக்கட்டும். மங்களராயரே, களத்துக்கு நடந்து போய்ச் சொல்லும்."

உச்சி சாய்ந்த வெயிலில் அவர் போனார். தப்புப் பறை அடிப்பவன் கூட வந்து அடித்தான், அவர் அறிவித்தார். தப்படிப்பவன் திரும்பிப் போன பிறகும் அவர் போகவில்லை. சீனியம்மை பாயில் மீன் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஐயா. உங்க நிழல் மீன்மேல விழுது."

தள்ளி நின்றார். அங்கேயும் மீன். இன்னும் தள்ளினார். கரை நெடுக மீன்தான். நிழல் விழாத இடம் கிடைக்காமல், கடைசியில் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு மணலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கை தானாக ஒரு நெத்திலியைப் புரட்டிப் போட்டது. அவள் தடுக்கவில்லை.

களத்தில் அவள் வைத்த பழைய பேரை மறுபடி சொல்லி அவரைக் கூப்பிட்டாளா என்று கேட்காதீர்கள். அன்று பொழுது சாயும்வரை அவள் கூப்பிடவில்லை. அவரும் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.