சிவந்துபோன மஞ்சள் புடவை

ஒரு ஊர்ல ஒரு மஞ்சள் புடவை இருந்துச்சாம். வெள்ளை நூல் புடவையை மஞ்சள் தண்ணியில முக்கிக் காயவெச்சு, கல்யாணப் பொண்ணுக்காக மாப்பிள்ளையோட அம்மா அனுப்பினது. "இந்த மஞ்சள் மாறாம இருக்கணும். நாளைக்கு மத்தியானம் நானே வந்து பிரிச்சுப் பார்ப்பேன்"னு சொல்லியும் அனுப்பினாங்க. ம் சொல்லுடா.

ம்.

பொண்ணு பேரு ஆவுடை. அவளுக்கு ஆசை தாங்கல. மறுநாள் காலையில யாருக்கும் தெரியாம அந்தப் புடவையைக் கட்டிக்கிட்டு இட்லி சாப்பிட்டா. சொட்டுன்னு மடியில சாம்பார்! உடனே புடவையை மாத்திக்கிட்டு, கிணத்தடிக்கு ஓடி, அதுக்குச் சோப்பைப் போட்டு கசக்கு கசக்குன்னு கசக்கினா. அப்போ என்னாச்சு தெரியுமா? சாம்பார் கறை போச்சு, ஆனா கை வெச்ச இடமெல்லாம் சிவந்துபோச்சு!

"ஐயோ, அத்தை பார்த்தா கல்யாணமே வேண்டாம்னுடுவாங்களே!"

சளக் சளக்னு தண்ணியில அலசினா. கொஞ்சம் மங்குச்சு, மஞ்சளாகல. அப்புறம் சலவைச் சோடாவைக் கரைச்சு ஊத்தினா. இன்னும் சிவப்பு! அப்புறம் வெத்தலை மென்னுக்கிட்டே அவ மாமா வந்தாரு.

"இதுக்குப் போய் அழுவாங்களா? சுவரையே வெளுக்குற சுண்ணாம்பு, புடவையை வெளுக்காதா?"

டப்பா சுண்ணாம்பு அத்தனையும் கரைச்சு, சொதக்குன்னு ஊத்தினாரு. செக்கச்செவேல்!

ம்...

சமையல்கட்டுல மாப்பிள்ளை வீட்டாருக்கு ஜூஸ் போட எலுமிச்சை நறுக்கிக்கிட்டிருந்த கோமு சித்தி ஓடி வந்தா. "ஏண்ணே, ஆரத்தி எப்படிக் கரைக்கிறோம்? மஞ்சளும் சுண்ணாம்பும்தானே? உங்களை யாரு புடவைக்கு ஆரத்தி கரைக்கச் சொன்னா?"ன்னு கையை வீசினா. கையில பாதி எலுமிச்சம்பழம். சொட்! ஒரு துளி புடவையில விழுந்துச்சு.

விழுந்த இடத்துல, வட்டமா, மஞ்சள்!

"சித்தி, இன்னொண்ணு பிழிங்க!"

சொட். மஞ்சள். சர்ர்னு கூடைப் பழம் முழுக்கப் பிழிஞ்சாங்க. சுண்ணாம்பு போக அலசின புடவையை அதுல முக்கினாங்க. சிவப்பு அப்படியே கரைஞ்சு, பழைய மஞ்சள் திரும்பி வந்துச்சு. ஆவுடைக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு.

ஏன் தெரியுமா? சோப்பு, சோடா, சுண்ணாம்பு மூணும் ஒரே கட்சி. காரம்னு பேரு. மிளகாய்க் காரம் இல்ல, இது வேற. எலுமிச்சை, புளி, மோர் எல்லாம் எதிர்க்கட்சி. அமிலம்னு பேரு. காரம் பட்டா மஞ்சள் சிவக்கும். அமிலம் வந்து காரத்தை அடக்கிட்டா, பழையபடி ஆயிடும்.

ம்.

வெயில் பட்டா மஞ்சள் வெளுக்கும்னு நிழல்ல காயவெச்சு, மடிச்சு வெச்சாங்க. பாம் பாம்! வேன் வந்துருச்சு. அத்தை இறங்கினதும் நேரா புடவையைத்தான் கேட்டாங்க. பிரிச்சாங்க. பார்த்தாங்க. மூக்குக்கிட்ட கொண்டு போனாங்க.

"ஏம்மா, எலுமிச்சை வாசம் அடிக்குது?"

ஆவுடை உண்மையைச் சொல்லிட்டா. "அத்தை... சோப்பு போட்டுட்டேன்."

அத்தை அவ காதுகிட்ட குனிஞ்சாங்க. "நீ எலுமிச்சை. நான் என் கல்யாணத்துல புளியைக் கரைச்சு ஊத்தினேன். தாலி கட்டி முடியுற வரைக்கும் என்மேல ரசம் வாசம்!"

ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல, ஜூஸுக்குப் பதிலா மோர் வந்ததை யாருமே கவனிக்கல.

...ம்.

புடவையை மடிச்சாச்சு, கதையையும் மடிச்சாச்சு. கண்ணை மூடு, கண்ணு.