காற்று பிடித்த இடம்

மலை உச்சியில் காற்றை அளக்கும் நிலையம் ஒன்று இருந்தது. அதன் தலைவி ஜெபராணிக்கு நாற்பது வயது. அவரிடம் தொழில் பழக வந்த சீடர் கமருதீனுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்று, ஆசைப்பட்டு வந்த மனிதர். இருவரில் யார் குரு என்று பால்காரர் இன்னும் குழம்புகிறார்.

காற்றில் கரியமில வாயு ஏறுகிறது என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகமில்லை. எவ்வளவு வேகமாக ஏறுகிறது, பூமி எவ்வளவு சீக்கிரம் சூடாகும் என்பதில்தான் தகராறு. கமருதீனின் மூன்று வருடக் கணக்கில் அந்த ஏற்றம் ஓடியது. கடற்கரை நிலையத்துத் திருவேங்கடத்தின் கணக்கில் மெல்ல நடந்தது.

போன வாரக் கூட்டத்தில் திருவேங்கடம் எல்லார் முன்னாலும் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். கமருதீனுக்கு அன்று முதல் சோறு இறங்கவில்லை. இன்று மத்தியான பஸ்ஸில் அதே திருவேங்கடம் மலையேறி வருகிறார்.

"அவர் உள்ள வந்தா நான் பெட்டியக் கட்டிருவேன் மேடம். அடுத்த மாசம் என் கணக்கு அச்சுக்குப் போகுது. அதக் கெடுக்கத்தான் வர்றார்."

"அப்படி என்ன சார் கேட்டுட்டார்?"

"எங்க நின்னு காத்துப் பிடிச்சீங்கன்னு கேக்குறார். முப்பது வருஷம் வாத்தியாரா இருந்தவனப் பாத்து!"

"சரி, எங்க நின்னு பிடிச்சீங்க?"

கமருதீன் அவரை முறைத்தார். ஜெபராணி இரண்டு கண்ணாடிக் குப்பிகளை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

விடுகிற மூச்சிலும் கரியமில வாயு உண்டு. அதனால் காற்றுக்கு எதிரே நின்று, மூச்சை அடக்கிக்கொண்டுதான் குப்பியைத் திறக்க வேண்டும். கமருதீன் பின்சுவரோரம் போய் நின்றார். மூச்சை அடக்கினார். குப்பியை நிரப்பி மூடினார். ஒரு குறை சொல்ல முடியாது.

"முதல் வருஷமும் இங்கதானா சார்?"

"அப்ப மேல, பாறையில. முட்டி வலி வந்ததும் இங்க மாத்திக்கிட்டேன். இங்க காத்து அடிக்காது பாருங்க, குளிராம..."

பாதியில் நிறுத்திவிட்டார். காற்றே அடிக்காத இடத்தில், அடக்குவதற்கு முன்னால் விட்ட மூச்சு எங்கே போயிருக்கும்?

ஜெபராணி கை கொடுக்க, பாறைமேல் ஏறி இரண்டாவது குப்பியை நிரப்பினார். உள்ளே வந்து இரண்டையும் கருவியில் வைத்தார்கள். சுவரோரக் குப்பி கூடுதலாகக் காட்டியது. மறுபடி பிடித்துப் பார்த்தார்கள். மறுபடியும் அப்படியே.

கமருதீன் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"அப்ப, ஏறினதெல்லாம் என் மூச்சா மேடம்?"

"ஏறுறது நிஜம் சார். ஓடினது மட்டும் உங்க மூச்சு."

கமருதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லவேளை. அச்சுல ஏறியிருந்தா ஊரே அதை நம்பியிருக்கும். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல மேடம்."

கீழ்வளைவில் மத்தியான பஸ்ஸின் ஹாரன் கேட்டது. வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஜெபராணி ஆணியில் தொங்கிய குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"எனக்கு எதுக்கு சார் நன்றி? மூணு வருஷமா உங்க கணக்குக்குத் தலையாட்டினவ நான்."