பாறைக்குழியில் காணாமல் போன உப்பு

வெயில் மண்டையைப் பிளக்கும் கோடையில், ஒரு காட்டில் எதற்காகப் பெரிய சண்டை வரும், பிள்ளைகளே? தண்ணீருக்காக என்றுதானே சொல்லப் போகிறீர்கள்? அதுதான் இல்லை. இந்தக் காட்டில் உப்புக்காக வந்தது!

ஆமாம், உப்புதான். புல்லும் தழையுமே தின்கிற நாக்கு உப்புக்கு எப்படி ஏங்கும் என்று ஒரு மானைக் கேட்டால் தெரியும். குட்டிக்குப் பால் கொடுக்கிற தாய்க்கோ அது இல்லாமல் முடியவே முடியாது. அதனால் கோடைதோறும் யானை மலைக்கு அந்தப் பக்கம் போகும். அங்குள்ள உப்புப் பாறையில் தந்தத்தால் ஒரு கட்டியைப் பெயர்க்கும். பலாப்பழம் அளவுக்கு இருக்கும் அந்தக் கட்டியைத் தும்பிக்கையால் தூக்கிக்கொண்டு வரும். பௌர்ணமியன்று எல்லா விலங்குகளும் வரிசையாக நின்று அதை நக்கும். குட்டிகள் முதலில், பெரியவர்கள் பிறகு, தலைவர் கடைசியில். அதுவரை உப்பைக் காப்பது யாராவது ஒருவரின் பொறுப்பு.

அந்தக் கோடையில் பொறுப்பு மிடுக்கன் என்ற கருங்குரங்குக்கு வந்தது. அவனுக்குத் தலை கால் புரியவில்லை.

"நான் ஒளித்து வைக்கிற இடத்தை எவனாலும் கண்டுபிடிக்க முடியாது" என்று மரத்துக்கு மரம் தாவிச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அதே காட்டில் ஆற்றோரமாகச் சுழலி என்ற நீர்நாய் இருந்தாள். அவளுக்குக் குமிழி, சொட்டு என்று இரண்டு குட்டிகள். வெயிலில் ஆறு வற்றி, ஒரே ஒரு மடுதான் மிஞ்சியிருந்தது. அந்த மடுவின் மீன்களை நம்பித்தான் அவர்கள் பிழைப்பு. மடுவுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பாறை. பாறையின் நடுவில் ஒரு குழி, குழி நிறையப் பழைய தண்ணீர். நீச்சல் பழகாத குட்டிகள் நாள் முழுக்க அதில்தான் கும்மாளம் போடும்.

பௌர்ணமி வந்தது. காலையிலேயே மான், பன்றி, முயல், யானை என்று எல்லோரும் கூடிவிட்டார்கள். தலைவரான காட்டெருமை திமிலனும் வந்து சேர்ந்தார்.

"எங்கே மிடுக்கா, உப்பைக் கொண்டு வா" என்றார்.

மிடுக்கன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேராகச் சுழலியின் பாறைக்குழிக்குப் போனான். தண்ணீருக்குள் கையை விட்டான். துழாவினான். தோள் வரைக்கும் விட்டுத் துழாவினான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயோ! உப்பைக் காணோம்!"

"தண்ணீருக்குள்ளேயா வைத்தாய்?" என்று கேட்டார் திமிலன்.

"ஆமாம் தலைவரே! மரப்பொந்தில் வைத்தால் அணில் பார்த்துவிடும். புதரில் வைத்தால் பன்றி மோப்பம் பிடித்துவிடும். குழிக்குள் வைத்துத் தண்ணீரால் மூடிவிட்டால் யார் தேடுவார்? எப்படி என் யோசனை?"

"யோசனை எல்லாம் பிரமாதம். உப்பு எங்கே?"

மிடுக்கன் சுற்றுமுற்றும் பார்த்தான். அப்போதுதான் பாறையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த குமிழி அவன் கண்ணில் பட்டாள். அவள் முதுகிலும் மீசையிலும் வெள்ளை வெளேரென்று ஏதோ பொடி ஒட்டியிருந்தது.

"அதோ பாருங்கள்! திருட்டுக் குட்டி!" என்று கத்தினான் மிடுக்கன்.

திமிலன் குனிந்து குமிழியின் முதுகை ஒரு நக்கு நக்கினார்.

"உப்பு!" என்றார்.

அவ்வளவுதான், காடே கொதித்துவிட்டது. "எங்கள் குட்டிகளின் உப்பை உங்கள் குட்டிகள் தின்பதா?" என்று தாய்மான் அழுதுவிட்டது. "கையும் களவுமாகப் பிடித்தாயிற்று, இன்னும் என்ன பேச்சு?" என்று பன்றி உறுமியது.

சுழலி ஓடிவந்து குட்டிகளுக்கு முன்னால் நின்றாள். "தலைவரே, மீனைத் தவிர வேறு எதையும் நாங்கள் வாயில் வைத்ததில்லை. உப்பை வைத்து நாங்கள் என்ன செய்யப்போகிறோம்?"

"அதை நீதான் சொல்ல வேண்டும்" என்றார் திமிலன். "பொதுச் சொத்தில் கை வைத்தவர்களுக்கு இந்த மடுவில் இடமில்லை. பொழுது சாய்வதற்குள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பு."

கிளம்புவதா? எங்கே? அடுத்த தண்ணீர் மலைக்கு அப்பால் இருந்தது. வழியெல்லாம் சுடு பாறை. இந்தப் பிஞ்சுக் கால்கள் அதைத் தாண்டுமா?

அவள் குட்டிகளின் பக்கம் திரும்பினாள். "உண்மையைச் சொல்லுங்கள். எடுத்தீர்களா?"

"இல்லம்மா!" என்று தேம்பினாள் குமிழி. "முதல் நாள் உள்ளே ஒரு கல்லு இருந்துச்சு. அதுமேல ஏறிக் குதிச்சோம். தினமும் அது சின்னதாயிட்டே போச்சு. அப்புறம் காணோம். தண்ணிதான் ஒரே கரிப்பு. முழுகப் போனா மேலே மேலே தூக்கி விடுது."

"தண்ணீர் தூக்கிவிடுகிறதாம்! கல் தானாகச் சின்னதாகிறதாம்!" என்று மிடுக்கன் கைகொட்டிச் சிரித்தான். எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில் மிரண்டுபோன சொட்டு, கால் வழுக்கித் தொப்பென்று குழிக்குள் விழுந்தான். சுழலி பாய்ந்து அவன் கழுத்தைக் கவ்வி வெளியே தூக்கினாள். நனைந்த உடம்பு பளபளவென்று மின்னியது. அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். மனதுக்குள் ஏதோ இடித்தது.

இவன் மேல் வெள்ளைப் பொடி எங்கே? ஒரு பொட்டுக் கூட இல்லையே!

வெயில் சுள்ளென்று அடித்தது. சொட்டுவின் மீசை காய்ந்தது. காயக் காய, அந்த மீசை நுனியில், அவள் கண்ணுக்கு எதிரிலேயே, வெள்ளையாகப் பூத்தது!

"ஆ!" என்று துள்ளிக் குதித்தாள் சுழலி. "வாருங்கள்! எல்லோரும் வந்து இவன் மீசையைப் பாருங்கள்! இப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்தேன். யாரும் இவனுக்கு உப்பு தரவில்லை. தண்ணீர்தான் தந்தது!"

"என்ன உளறுகிறாய்?" என்றான் மிடுக்கன். "குழியின் அடிவரை துழாவிவிட்டேன். பலாப்பழம் மாதிரிக் கட்டி அதில் எங்கே ஒளியும்?"

"நக்கிப் பார், தெரியும்!"

மிடுக்கன் ஒரு கை அள்ளி வாயில் விட்டான். "தூ! தூ!" என்று துப்பினான். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"கட்டி எங்கும் போகவில்லை, தலைவரே" என்றாள் சுழலி. மூச்சு வாங்கியது அவளுக்கு. "தண்ணீரில் கரைந்திருக்கிறது. என் குட்டிகள் குதித்துக் கலக்கியதில் இன்னும் சீக்கிரம் கரைந்திருக்கிறது. உப்பைச் சுமக்கிற தண்ணீர் கனமானது, அதனால்தான் குட்டிகளை மேலே தள்ளியது. வெயில் பட்டால் தண்ணீர் மட்டும்தான் ஆவியாகிப் போகும். உப்பு அதோடு பறக்காது, இங்கேயே தங்கிவிடும். யானையாரே, இந்தத் தண்ணீரை உறிஞ்சி அந்தச் சுடு பாறையில் மெல்லிசாகத் தெளியுங்கள்!"

"நான் பாடுபட்டுத் தூக்கி வந்த உப்பு. கிடைக்கும் என்றால் தெளிக்க என்ன கஷ்டம்?" என்றது யானை. தும்பிக்கையைக் குழிக்குள் விட்டு உறிஞ்சியது. புஸ்ஸென்று பாறை முழுக்கத் தெளித்தது.

எல்லோரும் பாறையைச் சுற்றி நின்றார்கள். கரும்பாறையிலிருந்து ஆவி எழுந்தது. ஈரம் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசி ஈரமும் காய்ந்தது.

பாறை வெள்ளையாக இருந்தது!

"அடேயப்பா!" என்று கூவியது பன்றி. தாய்மான் ஓடிப்போய் நக்கிப் பார்த்தது. "உப்பேதான்! நம் உப்பேதான்!" முயல்கள் குட்டிக்கரணம் போட்டன. யானை இன்னும் ஒரு தும்பிக்கை உறிஞ்சித் தெளித்தது. இன்னும் வெள்ளை. காடு முழுக்க ஒரே கூச்சல்.

திமிலன் சுழலியின் எதிரில் வந்து தலை குனிந்தார். "முதுகை நக்கிவிட்டுத் தீர்ப்புச் சொன்னேன். தண்ணீரையும் ஒரு வாய் குடித்துப் பார்த்திருக்க வேண்டும். மடு உன்னுடையது, தாயே."

பிறகு வரிசை நின்றது. குட்டிகள்தானே முதலில்? அதிலும் இன்று நீர்நாய்க் குட்டிகள்தான் முதலில் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"ஐயோ, வேண்டாம்!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள் குமிழி. "எத்தனை நாளா வாயெல்லாம் அதுதான்! மீன் இருந்தா குடுங்க!"

காடு குலுங்கச் சிரித்தது. இந்த முறை சுழலியும் சேர்ந்து சிரித்தாள்.

மிடுக்கன் மட்டும் சிரிக்கவில்லை. அசடு வழிய அவள் பக்கத்தில் வந்து, "உன் பிள்ளைகளைத் திருடர்கள் என்றேனே, மன்னித்துவிடு" என்றான்.

"மன்னிப்பதற்கு என்ன?" என்றாள் சுழலி. "குழியில் இன்னும் பாதித் தண்ணீர் இருக்கிறது. யானையாருக்கு மூச்சு வாங்குகிறது. போய்த் தெளி."

மிடுக்கன் ஒரு தேக்கிலையைக் குவித்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்கத் தண்ணீரை மொண்டு மொண்டு தெளித்தான். மான் நக்கியது, பன்றி நக்கியது, யானை நக்கியது, கடைசியில் தலைவர் நக்கினார். அன்று அந்த வரிசையில் தலைவருக்கும் பின்னால் ஒருவன் நின்றான், கையில் தேக்கிலையோடு.

நீதி: கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காகக் களவு போனதாகச் சொல்லாதே, ஆராய்ந்து பார்க்கும் முன் யார் மேலும் பழி போடாதே.