பெரிய மீன் யாருக்கு

பெர்க்மான்ஸ் முதலாளியின் விசைப்படகில் ஒரே ஒரு சட்டம்தான். வலையில் விழுவதில் பெரிய மீன் முதலாளிக்கு; மிச்சத்தில்தான் ஆட்களுக்குப் பங்கு.

ஒருநாள் பெரிய புள்ளிச் சுறா ஒன்று விழுந்தது. கணக்கில்லாமல் பிடித்துப் பிடித்து அந்த இனமே அருகிப்போனதால், பிடித்தால் சிறை என்று அரசாங்கம் தடை போட்டிருந்தது. முதலாளி அதன் வாலில் கயிறு கட்டி, உயிரோடு தண்ணீரில் இழுத்துக்கொண்டு வந்தார். கரையில் வியாபாரி காத்திருந்தான். அதற்குள் எதிரே ரோந்துப் படகு வந்துவிட்டது.

முதலாளி வேலையாள் கயத்தானின் காதைக் கடித்தார். "எலே, உன் மீனுன்னு சொல்லு. மாட்டேன்னா நாளைலருந்து படகுப் பக்கம் வராதே."

"இது யார் மீன்?" என்று கேட்டார் பெண் அதிகாரி.

"கயத்தானோடதும்மா. எனக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல." முதலாளி மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஆமாம்மா, என் மீன்தான்," என்றான் கயத்தான். "தானா வந்து வலையில விழுந்துட்டு. திருப்பி விட்டா வழக்கு உண்டா?"

"உயிரோட விட்டா எதுக்கு வழக்கு?"

கயத்தான் கயிற்றை அறுத்தான். சுறா ஒருமுறை புரண்டு ஆழத்துக்குள் போனது.

"ஐயோ!" என்று தலையில் கை வைத்தார் முதலாளி.

"உங்களுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லம்மா... சந்தோசம்."

மறுநாள் இடுப்பு உயரச் சீலா மீன் ஒன்று விழுந்தது. முதலாளி கை நீட்டினார். கயத்தான் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"பெரிய மீன் கயத்தானோடதுன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க முதலாளி? வேணும்னா அந்த அதிகாரி அம்மாவையே கேட்டுருவோம்."