வெள்ளை ஸ்டூல்

செம்மணல் மேடான தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு மடம் இருந்தது. அங்கே பசு கிடையாது, நந்தவனம் கிடையாது, உண்டியலும் கிடையாது. பின்கட்டில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் பிளாஸ்டிக் கழிவை அரைத்து, உருக்கிக் குருணையாக்கி, அச்சில் வார்க்கும் இயந்திரங்கள். மடத்துச் சோறு அதிலிருந்துதான் வந்தது.

குருவின் பெயர் பிரம்மசக்தி. நாற்பது வயதுதான் இருக்கும். அவரைவிட மூத்தவர்களும் அவரை அம்மா என்றே கூப்பிட்டார்கள்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கேட்க வருகிறவர் முதலில் ஒரு மூட்டைக் கழிவை நிறம் நிறமாகப் பிரித்துப் போட வேண்டும். பாதிப் பேருடைய கேள்வி மூட்டை காலியாவதற்குள் காணாமல் போய்விடும்.

அருமைநாயகத்தின் கேள்வி போகவில்லை. சீடர்களில் அவர்தான் வயதில் மூத்தவர். அன்று மூட்டையை அவிழ்த்தவர், சிவப்பு மூடி, நீலக் குவளை, பச்சைக் கூடை என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளி இயந்திரத்தில் கொட்டினார். எல்லா நிறமும் கலந்து உருகி, மறுபக்கம் கருகருவென்று குருணையாக வந்து விழுந்தது.

பிரம்மசக்தி ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, பிரிக்கலையா?"

"முடியலம்மா. கையில எடுக்குத ஒவ்வொண்ணும் அவன் மூஞ்சியாத் தெரியுது."

அவன் என்றது மருமகனை. அருமைநாயகத்தின் ஒரே மகள் முத்தரசி. கட்டிக் கொடுத்த இடத்தில் அவள் கையை முறுக்கி எலும்பை உடைத்து அனுப்பியிருந்தான். மாவுக்கட்டோடு வீட்டில் கிடக்கிறாள். சாம்பாரில் உப்பு கூடிவிட்டதாம். சொல்லவே வாய் கூசுகிற காரணம். இதற்கு முன்பும் உதட்டைக் கிழித்திருக்கிறான். அப்போது கதவில் இடித்துக்கொண்டதாக அவள் சொல்ல, அப்பாவும் நம்பித் தொலைத்தார்.

"உங்க கேள்வி என்ன?"

"மாப்பிள்ளையோட தாய்மாமா லிங்கபாண்டி வாராரு. கோபத்தைத் தூக்கிப் போட்டுட்டு, வெள்ளை மனசோட பிள்ளையை அனுப்பி வைங்கன்னு சொல்லி விட்டிருக்காரு. பதிலை மடத்துல உங்க முன்னால வச்சுச் சொல்லுதேன்னு சொல்லிட்டேன். முத்தரசியோ, அப்பா சொன்னாப் போறேங்கா."

"ம்."

"இத்தனை வருஷம் உங்க காலடியில உக்காந்திருந்தும் எனக்குக் கோபம் அடங்கலையே. வெட்கமா இருக்கும்மா. கருத்துப்போன மனசை எப்படி வெளுப்பாக்குறது?"

பிரம்மசக்தி கையிலிருந்த குருணையை அவர் உள்ளங்கையில் கொட்டினார்.

"முதல்ல இதை வெளுப்பாக்கிக் கொண்டாங்க."

அருமைநாயகத்துக்குச் சுர்ரென்று ஏறியது. மனசைப் பற்றிக் கேட்டால் குப்பையைக் காட்டுகிறாரே! ஆனாலும் குரு சொல், தட்ட முடியாது.

சோப்புப் போட்டுக் கழுவினார். பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்தார். தேரி மணலில் விரித்துக் காயப் போட்டார். கைத்தோல் உரிந்ததுதான் மிச்சம். குருணை அசையவில்லை. "சனியனே, உன்னையெல்லாம் எவன் இந்த நிறத்துல பெத்தான்?" என்று திட்டினார். பெற்றவர் அவர்தான் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை.

பிறகு பிளாஸ்டிக்குக்கு நிறம் ஏற்றும் வெள்ளைப் பொடியை எடுத்தார். ஒரு கரண்டி கலந்து உருக்கிப் பார்த்தார். சாம்பல் நிறம். இன்னும் ஒரு கரண்டி. அழுக்குச் சாம்பல். விடுவாரா? பல்லைக் கடித்துக்கொண்டு பொடி மூட்டையையே கவிழ்த்தார். உருகியது கூழாகத் திரண்டு, முக்கி முனகி ஸ்டூல் அச்சுக்குள் இறங்கியது. ஒருவழியாக வெள்ளை வந்தது.

முதல் ஸ்டூலை அச்சிலிருந்து எடுக்கும்போதே ஒரு கால் பட்டென்று உடைந்தது. அதை மூட்டைக்கு அடியில் ஒளித்தார். இரண்டாவதைப் பச்சைப் பிள்ளையைத் தூக்குவது போல் இரண்டு கையாலும் தூக்கினார். கால் இணையும் இடத்தில் மெல்லிய கீறல் ஒன்று ஓடியது. விரலால் தடவிப் பார்த்தார். துணியால் துடைத்தார். நிறம் வந்துவிட்டதல்லவா?

முற்றத்தில் பிரம்மசக்தி ஒரு கறுப்பு ஸ்டூலில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அருமைநாயகம் பாழாக்கிய அதே குருணையில், எதையும் சேர்க்காமல் பிரம்மசக்தியே வார்த்தது அது. வெள்ளை ஸ்டூல் அதன் எதிரே வந்து நின்றது.

"வெளுத்திருச்சும்மா."

"வெளுத்திருக்கு," என்றார் பிரம்மசக்தி. மறுபடி கணக்கில் குனிந்தார்.

அந்த நேரம் பார்த்து லிங்கபாண்டி வந்தார். ஊரில் அவருக்கு நல்லவர் என்று பேர். எங்கே அடிதடி நடந்தாலும் சமாதானம் பேச முதல் ஆளாகப் போய் நிற்பார். அடி வாங்கியவர் வீட்டுக்குத்தான் போவார். அடித்தவனிடம் அவர் சமாதானம் பேசியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை; கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"அம்மாவுக்கு நமஸ்காரம். சம்பந்தி, உடம்புக்கு எப்படி இருக்கு?"

"எலும்பு முறிஞ்சவ உடம்பைக் கேக்கீங்களா, என் உடம்பைக் கேக்கீங்களா?"

"பாத்தீங்களா, இந்தக் கோபம்தான் வேண்டாங்கேன். சின்னஞ்சிறுசுக. வீட்டுக்கு வீடு நடக்குறதுதான். எலும்பு கூடிரும். மனசு கூடணும்லா? பெரியவங்க நாமதான் பொறுத்துப் போணும். மடத்துல இருக்கவரு நீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அந்தக் கடைசி வார்த்தைதான் அருமைநாயகத்தைக் கட்டிப்போட்டது. வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையெல்லாம் தொண்டையில் வரிசை கட்டி நின்றது. அத்தனையையும் விழுங்கினார். நெற்றி நரம்பு தெறித்தது. ஆனாலும் முகத்தில் ஒரு சிரிப்பை எப்படியோ இழுத்து ஒட்டினார்.

"சரி," என்றார். "பொறுத்துத்தான் போணும். இந்த மாவுக்கட்டைப் பிரிச்சதும்..."

"அப்படிச் சொல்லுங்க! இதுக்குத்தான் பெரிய மனுஷன் வேணுங்குறது." லிங்கபாண்டிக்கு முகமெல்லாம் பல். "ஸ்டூல் நல்லா இருக்கே. பளிச்சுனு வெள்ளை. நீங்க செஞ்சதா?"

வெள்ளை ஸ்டூலைக் காலால் தன் பக்கம் இழுத்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்காரக் குனிந்தார்.

"உக்காராதீங்க!"

அருமைநாயகம் பாய்ந்துபோய் அவர் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"என்ன சம்பந்தி, பதறுதீங்க?"

"அது தாங்காது. கால் முறிஞ்சிரும். நீங்க விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கிடுவீங்க."

"பாக்க நல்லாத்தானே இருக்கு?"

"பாக்கத்தான் நல்லா இருக்கு. வெளுப்பு வரணும்னு பொடியை அள்ளி அள்ளிக் கொட்டினேன். உள்ளுக்குள்ள கீறல் விட்டிருக்கு. எனக்குத் தெரியும், நான்லா செஞ்சேன்."

பிரம்மசக்தி கணக்கை மூடி வைத்தார்.

"அண்ணாச்சி."

"சொல்லுங்கம்மா."

"லிங்கபாண்டி அண்ணாச்சி உக்காரக் கூடாதுன்னு இந்தப் பாய்ச்சல் பாயுதீங்க. இதே மாதிரி வெளுத்த பேச்சு மேல முத்தரசியை மட்டும் உக்கார வைப்பீங்களோ?"

லிங்கபாண்டி வாழைப்பழச் சீப்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

அருமைநாயகத்தின் முகத்தில் ஒட்டியிருந்த சிரிப்பு உதிர்ந்தது. விழுங்கியதெல்லாம் மேலே வந்தது. மகளின் உதடு வந்தது, கதவில் இடித்த கதை வந்தது, மாவுக்கட்டுக்கு வெளியே வீங்கிக் கிடந்த விரல்கள் வந்தன. பற்களுக்கு நடுவே பேசினார்.

"அம்மா, கோபம் போகலை. அப்படியேதான் இருக்கு. கருகருன்னு இருக்கு. இதை வச்சுக்கிட்டு நான் எப்படிப் பதில் சொல்ல?"

பிரம்மசக்தி எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த கறுப்பு ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"இதுல உக்காந்து சொல்லுங்க அண்ணாச்சி. இது தாங்கும்."