எந்தச் சரடு?

"நம்ம பேரைத் திருடிட்டாங்க, மேடம்" என்றார் தணிகாசலம்.

செங்கமலம் கோழிகளுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரு?"

"இம்மானுவேல்தான். வேற யாரு?"

சரடு என்ற கணினி மொழியை எழுதியவர் செங்கமலம். எழுதி முடித்ததும், இது எல்லாருக்கும் பொது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம் என்று வெளியிட்டார். பிறகு ஏலகிரி அடிவாரத்தில் கோழி வளர்க்கப் போய்விட்டார்.

அவரிடம் கற்ற இரண்டு பேர் மொழியைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் தணிகாசலம். தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆசிரியையைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். மற்றவர் இம்மானுவேல்.

இருவரும் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். இம்மானுவேல் மொழியைப் பிரதி எடுத்தார், மாற்றினார், புதுச்சரடு என்று பெயர் வைத்தார். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. தணிகாசலத்தின் வயிற்றெரிச்சலே அதுதான்.

"பேரு வைக்க நான்தானே சரின்னு சொன்னேன்?" என்றார் செங்கமலம்.

"பேர் போகட்டும் மேடம். முகப்புப் பக்கத்துல என்ன போட்டிருக்கான் தெரியுமா? 'சரடில் எழுதியது எல்லாம் இதிலும் ஓடும்.' பச்சைப் பொய்! நான் சோதிச்சுப் பார்த்துட்டேன்."

"எங்க ஓடலை?"

"காலிக் கட்டத்துல. அட்டவணையில ஒரு கட்டம் காலியா இருந்தா, நம்ம சரடு அதைப் பூஜ்யமா எடுத்துக்கும். அவனோடது அங்கேயே நின்னுடுது. கேட்டா, 'பூஜ்யம் வேற, காலி வேற'ன்னு வியாக்கியானம்."

"அதுவும் நியாயம்தானே?"

"நியாயமா? ஊர்ல இருக்கிற புரோகிராம் எல்லாம் பூஜ்யம்னு நம்பித்தானே எழுதியிருக்கு? நீங்க எழுதின மொழி மேடம். அதுல ஒரு புள்ளியைக்கூட நான் மாத்தலை."

"நான் தப்பா எழுதியிருந்தா?"

"தப்பையும் மாத்தலை" என்றார் தணிகாசலம், பெருமையாக.

செங்கமலம் தவிட்டில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டார்.

"என்கிட்ட என்ன வேணும்?"

"ஒரு வரி. உண்மையான சரடு எங்களோடதுன்னு உங்க கையால ஒரே ஒரு வரி. அப்புறம் அவன் எப்படி முகத்தைக் காட்டறான்னு பாக்கறேன்."

"இதுல யாராவது அடிபட்டாங்களா?"

"பட்டாங்களே! அதுக்குத்தானே வந்தேன்." அவர் மடிக்கணினியைத் திறந்தார்.

தேனிப் பக்கத்தில் ஒரு டயாலிசிஸ் மையம். அங்கே நூர்ஜஹான் என்று ஒரு டெக்னீஷியன். நோயாளிகள் வந்த நேரத்தைப் பதிந்தால், யார் எந்த மெஷினில், எப்போது என்று சொல்லும் ஒரு புரோகிராமை அவரே சரடில் எழுதி வைத்திருந்தார்.

இன்னும் வராதவரின் கட்டம் காலியாக இருக்கும். காலி என்றால் பூஜ்யம். பூஜ்யம் என்றால் நள்ளிரவு. ஆகவே வராதவரே எல்லாருக்கும் முன்னால் வந்தவர் ஆகிவிடுவார். நூர்ஜஹான் இதைக் கண்டுபிடித்து, நள்ளிரவில் வந்தவர்களைக் கடைசிக்குத் தள்ள ஒரு வரி சேர்த்தார். பல வருடம் ஓடியது.

போன மாதம் மையத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அதில் புதுச்சரடுதான் ஓடும். புரோகிராம் முதல் காலிக் கட்டத்திலேயே நின்றுவிட்டது. நூர்ஜஹான் இம்மானுவேலுக்குப் புகார் எழுதினார்.

"பாத்தீங்களா, அவனை நம்பினதுக்கு என்ன ஆச்சுன்னு?"

"அந்தம்மா உங்ககிட்ட வரலையா?"

"வந்தாங்க. நம்ம சரடு புதுக் கம்ப்யூட்டர்ல ஏன் ஓடலைன்னு கேட்டாங்க."

"என்ன பதில் போட்டீங்க? படிங்க."

தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"'இது எங்கள் பக்கத்துக் குறை அல்ல. புகார் மூடப்படுகிறது.'"

"இம்மானுவேல் என்ன பதில் போட்டார்?"

தணிகாசலம் படிக்கவில்லை. செங்கமலம் கையைக் கழுவிவிட்டு வந்து தானே குனிந்து படித்தார்.

அதே வரிகள். ஒரு எழுத்து மாறவில்லை. ஒன்றாக வேலை பார்த்த காலத்தில் இருவரும் சேர்ந்து எழுதி வைத்த பதில் அது.

"ஒரே ஆள் கேட்டாங்க. ரெண்டு சரடும் ஒரே விடை குடுத்திருக்கு" என்றார் செங்கமலம். "அவர் முகப்புல போட்டது பொய்யில்லையே, சார்."

தணிகாசலத்தின் முகம் சிவந்தது.

"கிண்டல் பண்ணாதீங்க மேடம். நாங்க சம்பளம் வாங்கிக்கிட்டா செய்யறோம்? எல்லாத்தையும் திறந்துதானே வச்சிருக்கோம்? வேணும்னா அவங்களே திருத்திக்கட்டும்!"

"கீழே ஒரு நம்பர் இருக்கே, யாரோடது?"

"அவங்களோடதுதான். அவசரம், கூப்பிடுங்கன்னு போட்டிருக்காங்க."

"கூப்பிட்டீங்களா?"

"நம்ம வழக்கத்துல போன் ஏது மேடம்? எல்லாம் எழுத்துலதான்."

செங்கமலம் தன் போனை எடுத்தார். எண்ணை அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டு தணிகாசலத்தின் கையில் கொடுத்தார்.

"எழுத்துல மூடினதை வாயால மூடுங்க."

"இப்பவா?"

மறுமுனையில் ஒரே சத்தம்.

"முதல் பஸ்ல வந்தவன் சிஸ்டர் நான்! ராத்திரியிலேருந்து மூச்சு முட்டுது. அவரை எப்படி முன்னால கூப்பிடுவீங்க?"

"நீ எங்கய்யா முதல்ல வந்தே? நான் வந்தப்போ உன்னைக் காணவே இல்லை!"

"கொஞ்சம் இருங்க ரெண்டு பேரும்." ஒரு பெண் குரல் பக்கத்தில் வந்தது. "அலோ, யாருங்க?"

"நான் சரடுலேருந்து பேசறேன்."



"எந்தச் சரடு?"

தணிகாசலம் போனை இன்னொரு கைக்கு மாற்றினார்.

"பழசா, புதுசா? சொல்லுங்க சார். பழசுன்னா புதுசைப் போய்க் கேளுன்னுவீங்க. புதுசுன்னா பழசைக் கேளுன்னுவீங்க. ரெண்டு வாசல்லயும் நின்னு பாத்தாச்சு. கம்ப்யூட்டர் சொன்னா இவங்க கேப்பாங்க சார். நான் சொன்னா, வேண்டியவங்களுக்கு முன்னால குடுக்கறேன்னு மூஞ்சிக்கு நேரே சொல்றாங்க. தினமும் இந்தப் பேச்சு கேட்டுக்கிட்டு நான் ஊசி குத்தணுமா?"

தணிகாசலம் ஆசிரியையைப் பார்த்தார்.

செங்கமலம் தவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கோழிகளிடம் போய்க்கொண்டிருந்தார்.

புகாரோடு நூர்ஜஹான் தன் புரோகிராமையும் அனுப்பியிருந்தார். தணிகாசலம் அதுவரை அதைத் திறந்ததில்லை. திறந்தார். தன் மடிக்கணினியில், பழைய சரடில் ஓடவிட்டார். அது முதல் பெயருக்காகக் காத்து நின்றது.

"சார், இருக்கீங்களா? எந்தச் சரடுன்னு கேட்டேன்."

"போனை ஸ்பீக்கர்ல போடுங்கம்மா. அவங்க எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றார் தணிகாசலம். "இப்பச் சொல்லுங்க. முதல்ல வந்தது யார்?"